திரையில் தெரியும் ஏரித்தரை

அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கும் மில் லாக்ஸ் ஏரியில் படகை ஓட்டிக்கொண்டு உள்ளே போனால், கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தண்ணீர்தான். பரப்பு ஏறக்குறைய 1,32,000 ஏக்கர். ஆனால் ஆழம் அதிகமில்லை, மிக ஆழமான இடத்திலேயே 42 அடிதான். மேலே எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் இந்த ஏரியின் அடியில் சேற்றுமேடைகள் மறைந்து கிடக்கின்றன. ‘மட் ஃப்ளாட்’ என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். சுற்றிலும் முப்பது அடிக்கு மேல் ஆழம் இருக்க, சில அடி மட்டும் உயர்ந்து, மேலே தட்டையாக, ஓரத்தில் சட்டென்று சரியும் மேடைகள். கோடையில் வால்ஐ மீன்கள் அந்தச் சரிவை ஒட்டித்தான் பெரும்பாலும் திரியும். சரிவின் மேல் தூண்டில் போட்டவருக்கும் அதிலிருந்து நூறடி விலகிப் போட்டவருக்கும் கிடைக்கும் மீனில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

அந்தச் சரிவைக் காட்டித்தருவதால்தான், எதிரொலியைக் கொண்டு தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் மீது எனக்கு இத்தனை பிரியம். மீன் தெரியும் என்பதற்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். ஏரியின் தரை தெரிகிறது என்பதே இதன் உண்மையான பெருமை என்பேன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஜப்பானின் நாகசாகி வட்டாரத்தைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948-இல் எதிரொலியால் மீன் தேடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அது கடலுக்கானது. ஏரியில் ஓடும் சிறு படகுக்கு ஏற்ற கருவியை 1950களின் கடைசியில் கொண்டுவந்தவர்கள் கார்ல் லோரன்ஸும் அவருடைய மகன்களும். ‘சின்னப் பச்சைப் பெட்டி’ என்று தூண்டில்காரர்கள் அதைச் செல்லமாக அழைத்தார்கள். வட்டமான முகப்பில் ஒரு வெளிச்சப்புள்ளி சுழன்று, தரை எத்தனை அடியில் இருக்கிறதோ அந்த எண்ணுக்கு நேராக மின்னும். அவ்வளவுதான். அதற்கும் முன்பே, 1940களில், வட கரோலினாவின் பக் பெர்ரி எந்தக் கருவியும் இல்லாமல் ஏரித்தரையைப் படித்தார். தானே வடிவமைத்த ‘ஸ்பூன்பிளக்’ என்ற உலோகத் தூண்டிலிரையைப் படகின் பின்னால் இழுத்து, அது தரையில் இடிக்கும் அதிர்வைக் கையில் உணர்ந்தே மேடு எது, பள்ளம் எது என்று கண்டுகொண்டார். மீன் எங்கே என்று கேட்காதே, தரை எப்படி இருக்கிறது என்று கேள் என்பதுதான் அவர் கற்றுக்கொடுத்ததன் சாரம். இன்றைய விலையுயர்ந்த திரைகள் எல்லாம் செய்வது அவர் சொன்ன வேலையைத்தான்.

இனி திரைக்கு வருவோம். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைப் படகின் கீழே எடுத்த புகைப்படம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. வலது ஓரத்தில் இருக்கும் ஒற்றைக் கோடுதான் இந்த நொடி. அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் கடந்துபோன நேரம். படகும் மீனும் அசையாமல் நின்றால் ஒரே மீன் திரை முழுக்க நீண்ட கோடாக ஓடும். படகு நகர்ந்தால் அதே மீன் வில்லாக வளையும். கருவி அனுப்பும் ஒலி கூம்பு வடிவில் கீழே இறங்குகிறது. கூம்பின் விளிம்பில் மீன் நுழையும்போது தூரம் அதிகம், நடுவுக்கு வரும்போது குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம். அந்தத் தூரக்கணக்குதான் வில்லாகத் தெரிகிறது. ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்புவது மீனின் சதையைவிட அதன் வயிற்றில் உள்ள காற்றுப்பைதான். நன்னீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,480 மீட்டர் வேகத்தில் போகிறது. முப்பது அடி ஆழத்தைத் தொட்டுத் திரும்ப ஒரு விநாடியில் எண்பதில் ஒரு பங்கே ஆகிறது. அந்தத் துளி நேரத்தை அளந்துதான் கருவி ஆழம் சொல்கிறது.

தரையின் குணம் தெரியும் விதம் இன்னும் அழகு. குயவரிடம் பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்த்து வெந்ததா வேகாததா என்று சொல்வதைப்போல, எதிரொலியைக் கொண்டே அடியில் இருப்பது சேறா, சரளையா, பாறையா என்று சொல்லிவிடலாம். கெட்டியான தரை பளிச்சென்ற கோடாக வரும். அதைவிட நல்ல அடையாளம் இரண்டாவது எதிரொலி. பாறையில் பட்ட ஒலி நீர்மட்டம் வரை வந்து, மறுபடி கீழே போய், மறுபடி திரும்பும். முதல் தரைக்கு இருமடங்கு ஆழத்தில் இன்னொரு தரை மங்கலாகத் தெரியும். சேறு அந்த ஒலியை விழுங்கிவிடும். இதைப் பார்க்க, திரையின் ஆழ அளவைத் தானியங்கியில் விடாமல், உண்மை ஆழத்தைப்போல் இருமடங்குக்கும் சற்று மேலே நாமே வைக்க வேண்டும். சேறு முடிந்து சரளை தொடங்கும் எல்லையைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைய வேலையில் பாதி முடிந்தது.

சரிவின் மேல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 20 டிகிரிக் கூம்பு முப்பது அடி ஆழத்தில் பத்தடிக்கும் மேல் அகலமான வட்டமாக விழுகிறது. அந்த வட்டத்தின் ஒரு பக்கம் மேட்டிலும் மறுபக்கம் பள்ளத்திலும் விழும்போது, முதலில் திரும்பி வரும் மேட்டின் எதிரொலியைத்தான் கருவி தரை என்று வரைகிறது. பள்ளத்துப் பக்கம் தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் மீன் அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிடும். பகல் வெளிச்சம் பிடிக்காமல் தரையோடு கிடக்கும் வால்ஐ மீன் பெரும்பாலும் இப்படித்தான் தப்பிக்கிறது. திரையில் மீன் இல்லை என்பதற்காக நல்ல சரிவை விட்டு நகர்ந்துவிடக் கூடாது.

வரைபடத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் நல்ல இடத்தை நினைவில் வைக்கக் கரையில் தெரியும் மரத்தையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் பிடிப்பார்கள். நம் தென்கடற்கரை மீனவர்கள் கடலுக்கடியில் உள்ள ‘பார்’ எனும் பாறைத்திட்டைக் கண்டுபிடிப்பதும் இந்த முறையில்தான். பிறகு ஜி.பி.எஸ். வந்தது. ஆனால் பொதுமக்களுக்கான அலைவரிசையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்ததால் நூறு மீட்டர் வரை தவறு வரும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அதை நிறுத்தினார்கள். ஏரி வரைபடம் தூண்டில்காரரின் கைக்கு எட்டிய நாள் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். இன்று லேக்மாஸ்டர், நேவியானிக்ஸ் போன்ற வரைபடங்கள் பல ஏரிகளுக்கு ஓரடி இடைவெளியில் ஆழக்கோடுகளைத் தருகின்றன. கோடுகள் நெருங்கினால் சரிவு, விலகினால் சமதளம். ஒரே சீராகப் போகும் கோடு திடீரென்று உள்வாங்கி வளையும் இடத்தை நான் முதலில் பார்ப்பேன்.

வாங்கும்போது என் தராசு இதுதான். உங்கள் ஏரிக்கு அந்தக் கருவியில் நல்ல வரைபடம் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பிராண்டு பிறகு. வரைபடமும் எதிரொலியைக் காட்டும் சோனாரும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக நிற்க வேண்டும் என்பதால் ஐந்து அங்குலத் திரை போதாது. ஏழு ஓரளவு சரி, ஒன்பது இருந்தால் நிம்மதி. உச்சிவெயிலில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் காட்டும் சோனாரை 2005-இல் தூண்டில்காரர்களுக்கு ஹம்மின்பேர்டு நிறுவனம் அறிமுகப்படுத்தியது. பாறையின் நிழல் நீளத்தை வைத்தே அதன் உயரத்தைச் சொல்லும் அற்புதம் அது. கையில் பணம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். மீன் நீந்துவதை நேரலையாகக் காட்டும் கருவிகளை வியக்கிறேன். ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஏரி மறந்துபோகிறது. அந்தப் பணத்தில் பெரிய திரையும் நல்ல வரைபடமும் வாங்குவதே மேல். எதை வாங்கினாலும் ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரைப் புரொப்பெல்லர் கிளப்பும் நுரையிலிருந்து விலக்கி, மட்டமாகப் பொருத்த வேண்டும். நுரைக்குள் மாட்டிய டிரான்ஸ்டியூசருக்கு எவ்வளவு விலையுயர்ந்த திரையும் உதவாது.

அணைக்கட்டு ஏரிகளில் நீர்மட்டத் திருத்தத்தை மறக்கக் கூடாது. டென்னசி ஆற்றின் கென்டக்கி ஏரியில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஐந்தடி வித்தியாசம் வைக்கிறார்கள். அதைக் கருவியில் பதிவு செய்யாவிட்டால் வரைபடத்தின் ஒவ்வொரு கோடும் தவறாகிவிடும்.

யாரும் வரைபடம் போடாத சிறிய ஏரியா? கவலை வேண்டாம். கார்மின், ஹம்மின்பேர்டு, லோரன்ஸ் மூன்றிலும் படகு போகப் போக ஆழக்கோடுகளை வரையும் வசதி இருக்கிறது. உழவுச்சால் போட்டமாதிரி இணைகோடுகளாக, மெதுவாக ஓட்டுங்கள். தூண்டிலை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடுங்கள். திரையில் மீன் பொம்மை காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மிதக்கும் இலையைக்கூட அது மீன் என்று காட்டும். சந்தேகமான இடத்தில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, திரை சொன்ன சரளை உண்மையிலேயே சரளைதானா என்று பாருங்கள். வரைந்து முடித்த வரைபடத்தை, பகிரும் வசதி இருந்தால், மற்றவர்களுக்கும் கொடுங்கள். மீன் கிடைத்த புள்ளிகளை உங்களோடு வைத்துக்கொள்ளலாம். ஏரியின் தரை எல்லோருக்கும் தெரியட்டும்.