நெஞ்சில் சுமக்கும் குறி

2006 முதல் 2020 வரை இந்தியக் கிரிக்கெட் அணிக்குச் சீருடை வழங்கிய நைக்கி நிறுவனம், தன் குறியை அதில் பொறிப்பதற்குக் கிரிக்கெட் வாரியத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் செலுத்தியது. அதே சட்டையை நம் கடற்கரை இளைஞன் காசு கொடுத்து வாங்கி, அதே விளம்பரத்தைக் கூலியின்றிச் சுமக்கிறான். போலிச் சரக்காயின் என்ன? குறி கண்ணில் படுகிறதே!

1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிய ஊர் இது. சுதேசியம் முழங்கிய அந்நாளிலும் ஆடை பேசியது. ஆனால் உடுத்தியவனின் நெஞ்சையே பேசியது.

எனினும் இளைஞனைப் பழிக்க மனம் வரவில்லை. மீன் வாடை என்று முகம் சுளிப்போர் முன் நிமிர்ந்து நிற்க அந்தக் குறி அவனுக்குத் துணிவு தருகிறது. கேள்வி நம் பங்குகளுக்குரியது: திருமுழுக்கில் எப்பெயரும் பொறிக்காத வெண்ணாடையை அவனுக்கு அணிவித்தோம், அந்த மாண்பை அதன்பின் எங்கே உணரச் செய்தோம்?