சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

ஜான் ஸ்டீன்பெக்கின் ‘டிராவல்ஸ் வித் சார்லி’ என்ற பிரயாண நூலைத் தேனியில் உள்ள என் சிநேகிதர்கள் சிலருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். ஆண்கள் புத்தகத்தைப் புகழ்ந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களோ, “அவர் சம்சாரம் எங்கே?” என்று கேட்டார்கள். எனக்கு இந்தக் கேள்விதான் நல்ல விமர்சனமாகப் படுகிறது.

1960 செப்டம்பரில், 58 வயதில், ஸ்டீன்பெக் தம் நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். சிறு லாரி ஒன்றின் மேல் ஓர் அறையைப் பொருத்திக்கொண்டார். இருவர் படுக்கும் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் அதற்குள் உண்டு. டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரை அதற்கு வைத்தார். துணைக்குச் சார்லி என்ற நாய். சுமார் 10,000 மைல் சுற்றினார். நூல் 1962இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

நூலில் மனைவி எலெய்ன் சிகாகோவிலும் டெக்ஸாஸிலும் விருந்தாளியைப்போல வந்து போகிறார். உண்மை வேறு. பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010இல் அதே பாதையில் போனார். நியூயார்க் மார்கன் நூலகத்தில் உள்ள கையெழுத்துப் பிரதியையும் படித்தார். மேற்குக் கடற்கரை நெடுகிலும் எலெய்ன் கூடவே இருந்திருக்கிறார். பெரும்பாலும் ஹோட்டல்களில் தங்கியிருக்கிறார்கள். முதல் பிரதியில் இருந்த அந்த அம்மாள் அச்சில் காணாமற்போனார்.

பொய் சொல்லிவிட்டார் என்று பலர் கோபித்தார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. நாவலாசிரியன் எதையும் கூட்டவும் குறைக்கவும் செய்வான். ஆனால் குறைத்தது எதை என்பதுதான் விஷயம். இருவர் படுக்கும் கட்டிலோடு செய்த வண்டி, இருவருக்கு ஏன் போதவில்லை? கதையே அங்கேதான் இருக்கிறது. வயதான இருவர் கை நீட்டினால் சுவரில் இடிக்கும் அறையில் இருந்தால், யார் முதலில் எழுந்திருப்பது, சண்டை வந்தால் யார் எங்கே போய் உட்காருவது? நாயிடம் இந்தச் சங்கடம் கிடையாது. சார்லி எதிர்த்துப் பேசாது. அதனோடு பேசுவது தனக்குத்தானே பேசிக்கொள்வதுதான்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்த கிழவன் கிழவியரை என் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். முல்லையாற்றங்கரையில் மூன்று கல் கூட்டிச் சமையல். வீட்டில் அவருக்குத் திண்ணை, அவளுக்கு அடுப்படி. நாலு நாள் பேசாமலே காலந்தள்ளலாம். வண்டியில் திண்ணை ஏது? புளி எந்த முடிச்சில் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். மாடு ஏன் மிரள்கிறது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். ஏச்சும் பேச்சுமாக அங்கே ஒரு குடித்தனம் நடந்தது.

ஸ்டீன்பெக் நூலில் சிறப்பு இல்லாமலில்லை. நியூ ஆர்லியன்ஸில் பள்ளிக்குப் போகும் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சூழ்ந்து வெள்ளைக்காரப் பெண்கள் வசைபாடும் பகுதியைப் படித்தால் மனம் பதறும். நகரும் வீடுகளில் வாழ்பவர்களிடம், வேர் இல்லாமல் வாழ முடியுமா என்று அவர் விசாரிக்கும் இடமும் அருமை. அந்தக் கேள்வியைத் தம் மனைவியிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அதைத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் தேடினார்கள்.