மறுக்கப்பட்ட எழுத்து: ‘வுதரிங் ஹைட்ஸ்’ புதினத்தில் கொடுமையும் முரணும்

‘எல்லிஸ் பெல்’ என்னும் புனைபெயரில் 1847இல் வெளிவந்த எமிலி பிரான்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ புதினத்தில் கொடுமை என்றதும் பலரும் சுட்டுவன உடல்மீது நிகழும் வன்முறைகளே. ஹீத்கிளிஃப், இசபெல்லாவின் நாய்க்குட்டியைச் சுருக்கிட்டுத் தொங்கவிடுகிறான். குடிவெறியில் ஹிண்ட்லி, பணிப்பெண் நெல்லியின் பற்களுக்கிடையே கத்தியைச் செருகுகிறான். கோதிக் புதினத்திற்கு இவை பழகிய காட்சிகள். ஆனால் இவை முன்னரே மூண்டுவிட்ட பகையின் விளைவுகளேயன்றி அதன் மூலம் ஆகா. மூலத்தைத் தேடின், ஒரு சிறுவனின் பாடம் நிறுத்தப்பட்ட இடத்திற்குச் சென்று சேர்கிறோம்.

லிவர்பூல் தெருவிலிருந்து முதிய எர்ன்ஷா எடுத்துவந்து வளர்த்தவன் ஹீத்கிளிஃப். அவர் மறைந்ததும் குடும்பத் தலைமை ஏற்கும் மகன் ஹிண்ட்லி, உதவிப் போதகரிடம் அவன் பெற்றுவந்த கல்வியை நிறுத்தி, அவனைப் பணியாளருள் ஒருவனாக்கி வயல்வேலைக்கு அனுப்புகிறான். அடியும் உண்டு, அதைப் பொறுக்கும் இயல்பு சிறுவனுக்கு முன்பே வாய்த்திருந்தது. கல்வியிழப்பையும் அவன் தொடக்கத்தில் தாங்கிக்கொள்கிறான். ஏனெனில் ஹிண்ட்லியின் தங்கை காதரின், தான் கற்பதை அவனுக்கும் கற்பிக்கிறாள். பின்னர் உடலுழைப்பு வெல்கிறது. அவளுக்கு இணையாகக் கற்க நெடுநாள் முயன்று, வாய்திறவாமல் கைவிடுகிறான். எட்கர் லிண்டனை மணக்க இசைந்ததற்குக் காதரின் நெல்லியிடம் கூறும் காரணமும் இதனோடு நேரே பிணைந்தது: ஹிண்ட்லி அவனை இவ்வளவு தாழ்த்தியிராவிடில் இத்திருமணத்தை அவள் எண்ணியே இருக்கமாட்டாள். அவனை மணப்பது தனக்கு இழிவு என்று அவள் சொல்வதுவரை கேட்டுவிட்டு அவன் வெளியேறுகிறான். அதன்பின் அவள் தன் காதலைச் சொல்வது அவன் செவிக்கு எட்டவில்லை.

திரும்பிவந்த ஹீத்கிளிஃப், ஹிண்ட்லியின் நிலத்தை அடமானத்தின் வழியே கைப்பற்றுகிறான். வழக்கறிஞரான சி. பி. சாங்கர் 1926இல் எழுதிய கட்டுரை, இப்புதினத்தின் காலவரிசையும் சொத்துரிமைச் சட்டமும் எத்துணைத் துல்லியமானவை என்று காட்டியது. எனினும் நிலத்தைப் பறிக்கத்தான் சட்டம் உதவும். பறிக்கப்பட்டவன் அதனை உணராதிருக்க வேறொன்று வேண்டும். ஹிண்ட்லியின் மகன் ஹேர்டன் சிறுவனாயிருக்கும்போதே, வாசலை மிதித்தால் பற்கள் உடையும் என்று உதவிப் போதகருக்கு ஹீத்கிளிஃப் தடை விதித்துவிடுகிறான். தன் மகன் லிண்டனுக்கோ இருபது மைல் தொலைவிலிருந்து வாரம் மும்முறை ஆசிரியர் வர ஏற்பாடு செய்கிறான். தான் இழந்தது எது என்பதை அவன் மறக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. ஒரே கொடுமை ஹீத்கிளிஃபிடம் தீராப் பகையாக விளைய, ஹேர்டனிடம் அன்பாக விளைகிறது. தன்னைச் சொந்த வீட்டிலேயே கூலியில்லா வேலையாளாக்கியவனை அவன் தந்தையினும் மேலாக நேசிக்கிறான். ஹீத்கிளிஃபின் மறைவுக்கு மனமுருகி அழுபவனும் அவன் ஒருவனே. ஹேர்டனின் நல்லியல்பே இதற்குக் காரணம் என்பர். அவ்விடை போதாது. தனக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பதையே ஹேர்டன் அறியான் என்று நெல்லி ஓரிடத்தில் குறிப்பிடுகிறாள். ஹீத்கிளிஃப் எழுத்தின் சுவையை அறிந்தபின் அதை இழந்தவன். ஹேர்டன் அறியவே விடப்படாதவன். எனவே இப்புதினத்தில் கொடுமை தானாகவே முரணை ஈன்றுவிடுவதில்லை. இழப்பை அறியும் அறிவு சேரும்போதே அது முரணாகிறது.

வாயிற்படியின் மேல் ஹேர்டனின் பெயரே 1500 என்னும் ஆண்டோடு பொறிக்கப்பட்டுள்ளது; மூதாதை ஒருவனின் பெயர் அது. இருபதைக் கடந்தும் அதைப் படிக்கத் தெரியாமல் அவன் நிற்க, லிண்டனும் காதரினின் மகள் காத்தியும் நகைக்கின்றனர். அவனுக்குள் முதன்முதலாகப் பூசல் எழுவது அந்நகைப்பினால்தான். ஹீத்கிளிஃபின் கையால் அன்று. பின்னொரு நாள் அப்பெயரைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்துக்காட்டுகிறான். எண்களைப் படிக்க இயலுமா என்று கேட்டு அவள் மீண்டும் சிரிக்கிறாள். இறுதியில், மறைவாகச் சேர்த்த நூல்களையெல்லாம் அவன் தீயிலிடுகிறான்.

ஆகவே கல்வியைக் கருணையின் மறுபெயராகப் பிரான்டே காட்டவில்லை. கதையின் தொடக்கத்தில் கனவில் வரும் பெண்குழந்தையின் மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் தேய்ப்பவன் கற்றறிந்த லாக்வுட். அவள் மீண்டும் நுழையாதபடி சாளரத் துளையை அவன் அடைப்பது நூல்களை அடுக்கித்தான். அந்நூல்களின் ஓரங்களில் காதரின் சிறுவயதில் எழுதிய குறிப்புகள் இருந்தன. (லிண்டன் வீட்டு நூலகத்தைப் படித்துத் தேர்ந்ததாகப் பெருமைகொள்ளும் நெல்லியும் ஹேர்டனுக்கு எழுத்தறிவிக்க முனைந்து நிலைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.)

முடிவை நெருங்குகையில், காத்தி ஒரு நூலை வெள்ளைத்தாளில் பொதிந்து, ஹேர்டனின் முழுப்பெயரையும் மதிப்புடன் எழுதி அனுப்புகிறாள். இருவரும் சேர்ந்து படிக்கையில் ஹீத்கிளிஃப் உள்ளே வருகிறான். அவர்கள் விழிகளில் காதரினின் சாயலைக் கண்டே அவன் தளர்ந்தான் என்று விளக்குவது மரபு. அது நெல்லியின் ஊகம். அவன் செய்வதோ வேறு. ஹேர்டனின் கையிலிருந்து நூலை வாங்கி, திறந்த பக்கத்தை ஒருமுறை பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தருகிறான். இரு குடும்பங்களையும் அழிக்கும் வாய்ப்பு கையிலிருந்தும் விருப்பம் அற்றுப்போயிற்று என்று அதன்பின் நெல்லியிடம் சொல்லும்போது, ஹேர்டனிடம் தான் காண்பது தன் இளமையையும் தான் பட்ட இழிவையுமே என்று அவன் வாயாலேயே கூறுகிறான்.