41-0: கோப்பை சென்னைக்கு, ஆட்டம் யாருக்கு?

2025 ஜூன் 29 அன்று மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்தில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக் இறுதியாட்டத்தில் சென்னை புல்ஸ் அணி டெல்லி ரெட்ஸை 41-0 என்று வீழ்த்தியது. ஆட்ட நேரம் மொத்தமே பதினாறு நிமிடம். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றும் ஒரு டிரைக்கு ஐந்து புள்ளி, அதைத் தொடரும் கன்வெர்ஷன் உதைக்கு இரண்டு. ஏழு பேர் ஆடும் செவன்ஸில் பெனால்ட்டி கிடைத்தால் கம்பத்தைக் குறிவைத்து உதைப்பது அபூர்வம் என்பதால், 41 என்ற எண்ணை ஏழு டிரை, மூன்று கன்வெர்ஷன் என்று படிக்கலாம். இரண்டேகால் நிமிடத்துக்கு ஒரு டிரை! பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் புள்ளியைப் பறிகொடுத்த அணி பந்தை உதைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும். செவன்ஸில் புள்ளி எடுத்த அணியே எதிரணியை நோக்கி உதைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு டிரைக்குப் பிறகும் சென்னை பந்தை டெல்லியின் பக்கம் அனுப்பியிருக்கிறது, அனுப்பிய பந்தைத் திரும்பவும் கைப்பற்றியிருக்கிறது, கடைசி வரை ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்கவில்லை. தனி ஒருவரின் வேகத்தால் இது நடக்காது. உதைத்த பந்தின் பின்னால் ஏழு பேரும் ஒரே வரிசையாக ஓடி, யார் குதித்துப் பிடிப்பது, யார் கீழே விழும் பந்தை வாருவது என்பதை மூச்சு விடும் நேரத்தில் தீர்த்துக்கொள்ளும் பழக்கத்தின் விளைவு அது.

அந்தப் பழக்கம் எங்கே உருவானது என்ற கேள்வியை சென்னையின் மேற்குப் புறநகர் கேட்டாக வேண்டும். லீக்கின் முதல் சீசனில் ஆறு அணிகளிலும் தலா பதின்மூன்று பேர் இருந்தார்கள்: உலக அளவில் பெயர் பெற்ற வெளிநாட்டு வீரர்கள் ஐவர், அடுத்த நிலை வெளிநாட்டவர் மூவர், இந்தியர் ஐவர். தொடக்க ஆண்டில் ஒரு லீக்குக்கு இது பொருத்தமான விகிதம்தான். உலகத் தரமான ஓட்டத்தையும், ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளையும் இந்திய வீரர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், எதிரில் நின்று வாங்கவும் வேண்டும். ஆனால் கோப்பையில் சென்னை என்று பொறித்திருப்பதாலேயே ஆட்டம் சென்னைக்கு வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. செவன்ஸின் வரலாறு திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: எந்த ஊரில் ஒரே பிள்ளைகள் ஒரே களத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஓடுகிறார்களோ, அந்த ஊருக்குத்தான் இந்த ஆட்டம் சொந்தமாகும். பணமும் போட்டியை நடத்தும் பெருமையும் அதற்குப் பின்னால்தான் வரும். இதை மனத்தில் கொண்டால், மேற்குப் புறநகரில் இருக்கும் திருமழிசை போன்ற ஊருக்கு இந்த ஆட்டத்தில் இடம் உண்டா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைப் பார்ப்போம். செவன்ஸ் களம் பெரிய ரக்பிக்கு உரிய அதே 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். அங்கே முப்பது பேர் நிற்கும் இடத்தில் இங்கே பதினாலு பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 500 சதுர மீட்டர். நம் பக்கத்து மனைக் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கும் மேல். ஒருவர் தன் பொறுப்பில் இருக்கும் இரண்டு கிரவுண்டு நிலத்தை வழக்கமான செவன்ஸில் ஏழேழு நிமிடமாகப் பதினாலு நிமிடம் காவல் காக்க வேண்டும், அதே மூச்சில் எதிரியின் நிலத்தில் இடைவெளி தேடி ஓடவும் வேண்டும். கபடியிலும் பக்கத்துக்கு ஏழு பேர்தான். ஆனால் 13 மீட்டருக்கு 10 மீட்டர் களத்தில் ஆளுக்கு ஒன்பது சதுர மீட்டர் சொச்சம். கபடிக்காரரின் தொடைப் பிடியும், இடித்துத் தள்ளும் டேஷும், குனிந்து நின்று எதிராளியின் இடுப்பைப் பார்க்கும் கண்ணும் ரக்பிக்கு நேராகக் கைகொடுக்கும். வேறுபாடு பிடித்த பிறகு தொடங்குகிறது. கபடியில் பாடி வந்தவர் பிடிபட்டதும் அந்த ரெய்டு முடிந்துவிடும். ரக்பியில் விழுந்தவர் பந்தை விட்டாக வேண்டும், பிடித்தவர் கையை எடுத்துவிட்டு உடனே எழுந்தாக வேண்டும். அந்த இரண்டு மூன்று விநாடியில் முதலில் வந்து பந்தின் மேல் குனிந்து நிற்பவருடைய அணிக்கே அடுத்த ஆட்டம். ஆக, கபடி ஊரிலிருந்து வரும் பிள்ளைக்குப் பாதி வித்தை கையில் இருக்கிறது. மீதிப் பாதி, விழுந்து எழுவதும் எழுந்து ஓடுவதும், கூட்டாளிகளோடு நாள்தோறும் செய்து பார்த்தால் மட்டுமே வரும்.

உலக அரங்கின் சான்றும் இதைத்தான் காட்டுகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் செவன்ஸ் முதன்முறையாக இடம்பெற்றபோது, ஒன்பது லட்சம் பேர் மட்டுமே வாழும் ஃபிஜி இறுதியாட்டத்தில் பிரிட்டனை 43-7 என்று தோற்கடித்தது. ஒலிம்பிக்கில் அந்த நாடு வென்ற முதல் பதக்கமே தங்கம். அதைக் கொண்டாட ஏழு டாலர் நோட்டு ஒன்றை அச்சிட்டார்கள். டோக்கியோவில் நியூசிலாந்தை வென்று தங்கத்தைத் தக்கவைத்தார்கள். 2024 பாரிஸில் பிரான்ஸிடம் தோற்று வெள்ளி பெற்றார்கள். அதே 2016இல் சிங்கப்பூர் செவன்ஸ் இறுதியில் கென்யா அந்த ஃபிஜியையே 30-7 என்று வீழ்த்தியது. பெரிய ரக்பியில் உலகக் கோப்பையை வெல்ல முடியாத நாடுகளுக்குச் செவன்ஸ் வழிவிடுகிறது. காரணம் எளிமையானது. பதினைந்து சிறந்த வீரர்களை, அதிலும் முன்களத்தில் முட்டித் தள்ளும் பேருடலர் எட்டுப் பேரை, வளர்த்தெடுக்கப் பெரிய அமைப்பு வேண்டும். ஒரு செவன்ஸ் அணிக்கு வேண்டிய பன்னிரண்டு ஓட்டக்காரர்களை வளர்க்க நல்ல ஊர்கள் நான்கு போதும். ஃபிஜியில் மாலையானால் ஊர் வெளியில் பிள்ளைகள் கிடைத்ததைப் பந்தாக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். ரியோவில் கண்ட பாஸ்கள் அங்கே பழகியவை.

தொலைவில் தேடுவானேன், இலங்கையைப் பார்க்கலாம். கொழும்பின் ராயல் கல்லூரியும் கண்டியின் டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதி வருகின்றன. பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வருகிறது. இதன் பலன் கணக்கில் தெரியும். 2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் இந்திய ஆண்கள் அணி செவன்ஸ் களத்தில் இறங்கியது. அதன் பிறகு 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட், 2022 பர்மிங்காம் என்ற மூன்று காமன்வெல்த் போட்டிகளிலும் இலங்கை ஆடியது, இந்தியா ஆடவில்லை. வீட்டு விருந்தை நடத்தினோம், அடுத்த வீட்டுப் பந்தியில் நமக்கு இலை விழவில்லை. போட்டியை நடத்துவதால் மட்டும் ஆட்டம் வேரூன்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்திய ரக்பியின் மிகப் பழைய கதையும் இதே செய்திதான். 1870களில் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ஒரு ரக்பி கிளப் நடத்தினார்கள். ஆள் குறைந்து கிளப்பை மூடியபோது வங்கியில் மிஞ்சிய 270 வெள்ளி ரூபாயை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்று வரை அந்தக் கல்கத்தா கோப்பைக்காக ஆடுகின்றன. கோப்பைக்கு நம் ஊர்ப் பெயர் நிலைத்தது, ஆட்டமோ நூறாண்டுக்கு மேல் கிளப்களையும் ராணுவப் படைப்பிரிவுகளையும் தாண்டி வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது வழிவிட்டவை ஒடிசாவும் பீகாரும். புவனேஸ்வரத்தின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுவர்கள் 2007இல் லண்டனில் நடந்த பதினாலு வயதுக்கு உட்பட்டோருக்கான பன்னாட்டுப் போட்டியை வென்றார்கள். பாட்னாவை அடுத்த பார்ஹ் ஊரில் ஓட்டப் பந்தயக்காரியாக இருந்த ஸ்வீட்டி குமாரி, ரக்பிப் பந்தைக் கையில் எடுத்துச் சில ஆண்டுகளில் இந்திய அணியின் முன்னணி டிரைக்காரியானார். 2022 ஜகார்த்தாவில் ஆசிய செவன்ஸ் டிராஃபியில் இந்தியப் பெண்கள் வெள்ளி வென்றார்கள். 2025 ஆகஸ்டில் பீகாரின் ராஜ்கிரில் நடந்த இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் நம் பெண்கள் உஸ்பெகிஸ்தானை 12-5 என்று வென்று வெண்கலம் எடுத்தார்கள். ஆண்களை முந்திக்கொண்டு பெண்கள் மேலே வந்ததற்கும் காரணம் உண்டு. ஆசியாவில் பெண்கள் ரக்பி பல நாடுகளுக்குப் புதிது. முன்னால் ஓடியவர்கள் அதிக தூரம் போய்விடவில்லை. இப்போது ஓடத் தொடங்கினாலும் எட்டிப் பிடிக்கலாம்.

மறுப்புகள் வரும், அவற்றுக்கு நியாயமும் உண்டு. கபடியும் வாலிபாலும் ஏற்கெனவே வேரூன்றிய மண்ணில் இன்னொரு ஆட்டம் எதற்கு, இருப்பவற்றுக்கே பந்தும் பயிற்சியாளரும் போதவில்லையே என்பது முதலாவது. இங்கே ரக்பி கபடியின் இடத்தைப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. கபடியில் ஒன்பது சதுர மீட்டருக்குள் அடங்காத கால்வேகம் கொண்ட பிள்ளை, 200 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் நான்காவதாக வந்து அதோடு நின்றுபோகும் பெண், இவர்களுக்கு அடுத்த கதவு ஒன்று வேண்டும். ஸ்வீட்டி குமாரி போன கதவு அதுதான். அடிபடுமே என்பது இரண்டாவது. இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது, ரக்பியில் தலைக்காயம் உண்மையான ஆபத்து. அதனால்தான் தோளுக்கு மேல் பிடிப்பது தண்டனைக்குரியது, முகத்தில் பட்டால் சிவப்பு அட்டை வரை போகும். பன்னிரண்டு வயது வரை டேக்கிளே வேண்டாம். இடுப்பில் இரண்டு பட்டைகளைச் செருகிக்கொண்டு, பட்டையை உருவினால் பிடித்ததாகக் கொள்ளும் டேக் ரக்பியில் தொடங்கினால், ஓட்டமும் பாஸும் முதலில் படியும். விழுவது எப்படி என்று கற்றுக்கொண்ட பிறகே விழ வேண்டும். அதைச் சொல்லித்தரப் பயிற்சி பெற்ற ஆள் இல்லாத ஊரில் ரக்பியைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

லீக் வந்துவிட்டது, மீதி எல்லாம் தானே வரும் என்பது மூன்றாவது. லீக் ஆசையை விதைக்கும், அது பெரிய காரியம். தொலைக்காட்சியில் ரக்பியையே கண்டிராத பிள்ளை சென்னை என்ற பெயரைச் சட்டையில் பார்த்து நிமிர்ந்து உட்காரும். ஆனால் ஒரு சீசன் சில வாரங்களில் முடிந்துவிடும். மீதி நாட்களில் அந்தப் பிள்ளை எங்கே போகும்? வழி தெரிய வேண்டுமானால் கண்ணகி நகரைப் பார்க்கலாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகரின் கார்த்திகா ஆடினார். நகரின் விளிம்பில் மறுகுடியமர்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பு அது. அங்கே ஆட்டத்தை வளர்த்தது லீக் அல்ல. உள்ளூர்க் குழு ஒன்றும், விடாத பயிற்சியாளரும், மாலைதோறும் கூடும் தோழிகளும் இருந்தார்கள். ஸ்வீட்டி குமாரியின் பார்ஹ் ஊரில் விளைந்ததும் கண்ணகி நகரில் விளைந்ததும் ஒரே விதைதான்.

கடைசி மறுப்பு நிலம். மனைப் பிரிவுகளும் தொழிற்பேட்டையும் நெருங்கி நிற்கும் பூந்தமல்லிக்கு அப்பால் இடம் ஏது என்பார்கள். இதற்குத் திருமழிசையே பதில் சொல்லியிருக்கிறது. 2020 மே மாதம் கொரோனா பரவியதால் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை மூடினார்கள். துணைநகரத்துக்காக ஒதுக்கிய திருமழிசை நிலத்தைச் சில நாட்களில் சமப்படுத்தி, தகரக் கூரை போட்டு, லாரிகள் வந்து திரும்ப வழி செய்து தற்காலிக மார்க்கெட்டைத் திறந்தார்கள். அவசரம் என்று அரசு நினைத்தபோது ஒரு மாநகரின் காய்கறி மொத்தத்துக்கும் இங்கே இடம் கிடைத்தது. ஒரு முழு செவன்ஸ் களத்துக்கு இரு முனைகளிலும் டிரை போடும் பகுதியையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் போதும். அதே தரையில் கால்பந்தும் ஆடலாம், ஓட்டப் பயிற்சியும் செய்யலாம். காலையில் முதியோர் நடக்கலாம். துணைநகர வரைபடத்தில் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் கோடு போடும்போதே இந்த இரண்டு ஏக்கருக்கும் கோடு போட வேண்டும். வீடுகள் எழுந்த பிறகு களத்துக்கு இடம் தேடிய எந்தப் புறநகருக்கும் அது கிடைத்ததில்லை.

ஒரு ரக்பி களத்துக்கு வேண்டியவை அதிகமில்லை. கல் பொறுக்கிய புல் தரை, இரு முனையிலும் ஆங்கில எழுத்து ஹெச் வடிவில் நிற்கும் கம்பங்கள், பத்துப் பந்து, உடல் மோதிப் பழக நான்கு திண்டு, பயிற்சிச் சான்று பெற்ற ஆண் ஒருவர், பெண் ஒருவர். திருமழிசை, குத்தம்பாக்கம், நேமம், செம்பரம்பாக்கம் பள்ளிகளிலிருந்து வாரம் மூன்று மாலை பிள்ளைகள் வந்தால் முதல் ஆண்டில் டேக் ரக்பி, மூன்றாம் ஆண்டில் டேக்கிள், ஐந்தாம் ஆண்டில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் எதிராக ஒரு ஊர்க் கோப்பை. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தியச் சட்டை அணியப் போவதில்லை. ஆனாலும் உதைத்த பந்தின் பின்னால் ஏழு பேராக ஒரே வரிசையில் ஓடும் பழக்கம் இந்த மண்ணில் இருக்கும். 41-0 என்ற எண்ணுக்குள் இருந்ததும் அந்தப் பழக்கம்தான். அதை வெளிநாட்டிலிருந்து அழைத்து வந்து சில வாரம் பார்த்துவிட்டோம். இனி அதை இங்கே விளைவிக்க வேண்டும், பெண் பிள்ளைகளிடமிருந்து தொடங்கி, இரண்டு ஏக்கர் நிலத்தில்.