கீபோர்டுக்காரரின் இடது கையைப் பாருங்கள்

மெல்லிசைக் கச்சேரியில் பாடகருக்குக் கைதட்டுகிறோம், டிரம்ஸுக்கு விசிலடிக்கிறோம். குழல், வீணை, ஒரு வயலின் கூட்டம் என்று மேடைக்கு வராத அத்தனை பேருக்கும் சேர்த்து வாசிக்கிற கீபோர்டுக்காரரை யாரும் கவனிப்பதில்லை. அவர் முன்னால் இருப்பது பெரும்பாலும் 61 கீகள் கொண்ட ஒரு பெட்டி. அதனால் முடியாததை அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கத் தொடங்கினால் கச்சேரியே வேறு மாதிரி கேட்கும்.

முதலில் குழல். கீயை அழுத்திப் பிடித்தால் கீபோர்டின் குழல் விடிய விடிய ஊதும். பதிவு செய்த ஒலித்துண்டு ஒன்றே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பதால் அதற்கு மூச்சு முட்டாது. கேட்கிற நமக்குத்தான் முட்டும். தேர்ந்தவர், நிஜக் குழல்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் விரலை எடுத்துவிடுவார்.

வயலின் கூட்டம் வரும்போது காலைப் பாருங்கள். வில்லை அழுத்தியும் தளர்த்தியும் வயலின்காரர் காட்டும் ஏற்ற இறக்கத்தை இவர் வால்யூம் பெடலில் வரவழைக்கிறார். ஸ்ட்ரிங்ஸ் டோன் மெதுவாக எழும் என்பதால், தாளத்துக்கு மயிரிழை முன்பே விரல் இறங்கியிருக்கும்.

சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டில் ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள்தான் ஒலிக்கும். இன்று 128 சாதாரணம். ஆனாலும் டோன் மேல் டோனாக அடுக்கி, சஸ்டெயின் பெடலையும் மிதித்தபடியே இருந்தால் அதுவும் தீர்ந்துபோகும். ஏற்கெனவே ஒலிக்கிற ஸ்வரங்களில் ஒன்றைக் கருவி கமுக்கமாக வெட்டிவிடும். பேஸ் கிட்டார் பிடிக்கிற ஸ்வரத்தைத் தன் இடது கையில் சேர்க்காமல் விடுபவர் சிக்கனம் தெரிந்தவர்.

உண்மையான பரீட்சை கமகம். கீகள் ஒரு ஸ்தாயிக்கு 12 ஸ்வரஸ்தானங்களைத்தான் தரும். நடுவில் இழைய வழியில்லை. இழைவைத் தருவது இடது ஓரத்தில் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம். கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிக்கும் கே. சத்யநாராயணன் போன்றவர்களின் கச்சேரியில் பாதி சங்கீதம் அந்தக் கையில்தான். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நின்று ஒலிக்கும் ஸ்வரமில்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடுவது. சக்கரம் வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு அரைஸ்வரம் நகரும். காந்தாரக் கீயைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கீழே தள்ளினால் ரிஷபம், மேலே தள்ளினால் மத்யமம்: கணக்கு கச்சிதம். ஆனால் அசைவின் வேகம், எங்கே தேங்குவது, எங்கே உரசிவிட்டுத் திரும்புவது, இதெல்லாம் எந்தப் பட்டனிலும் இல்லை. கையை எடுத்தால் ஸ்பிரிங் சக்கரத்தை வெடுக்கென்று நடுவுக்கு இழுத்துவிடும். அந்தத் துள்ளல் காதில் விழாமல் விடுவிப்பதே ஒரு வித்தை. சக்கரம் அசைந்தால் அந்த டோனில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களும் சேர்ந்து அசையும். அதனால் அப்போது வலது கை கார்டு பிடிக்காது, ஒற்றை ஸ்வரமாகத்தான் நடக்கும். இதைப் பார்த்த பிறகு, சரணத்துக்கு நடுவே விரல்கள் பறக்கிற வேக வாசிப்பு எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவதில்லை.

டிரான்ஸ்போஸ் பட்டனைச் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். தொண்டை கட்டிய பாடகர் “அரைக் கட்டை இறக்குங்க” என்று திரும்பிச் சொல்லும்போது, பட்டனை அழுத்தியதற்காக யாரும் வித்வான் பட்டத்தை இழந்துவிடப் போவதில்லை. அடுத்த பாட்டுக்கு அதைப் பழையபடி திருப்பி வைக்க மறந்தால்தான் மானம் போகும். விஷயம் தெரிந்தவர் அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே வால்யூமைக் குறைத்து ஒரு ஷட்ஜத்தைத் தொட்டுப் பார்த்துவிடுவார்.