காதணியும் முத்துப்பாரும்: மணப்பாட்டுக் கரையின் வழக்காற்று நினைவுகள் – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

முத்துக்குளித்துறைப் பரதவர்க்குக் கடலே நிலம். கடலடியில் கிடக்கும் முத்துப்பாரே விளைநிலம். அப்பார்களின் மீதான உரிமை கைமாறிய வரலாறு, தலைமுறைதோறும் சொல்லப்பட்டுவந்த வழக்காற்றில் சமயப் பகையின் கதையாக நிலைபெற்றுள்ளது. அவ்வாறு சொல்லப்படுங்கால் மறைவது யாது என்பதை மணப்பாட்டை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காதணிக் கதை

1530களில் தூத்துக்குடியில் எழுந்த பூசலொன்றில் பரதவர் ஒருவரின் காதணியை முஸ்லிம் ஒருவர் காது கிழியப் பறித்தார், கலவரம் மூண்டது, பரதவர் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரின் துணையை நாடித் திருமுழுக்குப் பெற்றனர் என்பது வழக்கு. சேசு சபையார் எழுத்துகளிலும் இச்செய்தி இடம்பெறுவதால் இதனைக் கற்பனை என்று தள்ளுதல் பொருந்தாது. ஆயினும் இக்கதையின் ஆற்றலே இதன் குறையுமாகும். முத்துக்குளிப்பின் வருவாய்க்காக வணிகரும் போர்த்துக்கீசியரும் கரையோர அரசர்களும் மோதிய நிலையை இது ஒற்றைக் காதின் காயத்துள் அடக்கிவிடுகிறது. காயம் நினைவில் நிற்கிறது; வருவாய்க் கணக்கு நழுவிவிடுகிறது.

மணப்பாட்டுக் கடிதங்கள்

பிரான்சிஸ் சவேரியார் 1544இல் மணப்பாட்டிலிருந்து தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்கள் வேறொரு காட்சியைத் தருகின்றன. வடுகர் படைக்கு அஞ்சி ஓடிய பரதவர், கன்னியாகுமரிக் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்தனர். அவர்க்கு உதவத் தோணிகளுடன் புறப்பட்ட சவேரியாரை எதிர்காற்று தடுத்தது. இங்கே துரத்தியவர் காதணிக் கதையின் பகைவர் அல்லர். திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தும் கரை காக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும் கிறித்தவரே. எனினும் கத்தோலிக்க ஆலயத்தையும் முத்துக்குளிப்பின் மேலாண்மையையும் அவர்களே வசப்படுத்தினர். ஆகவே இழப்பின் காரணத்தை ஒரே சமயத்தார் மீது சுமத்துவதற்குச் சான்றுகள் இடந்தரவில்லை.

ஓர் ஒப்பீடு

இவ்விடத்தில் மெக்சிகோ எழுத்தாளர் எலேனா கார்ரோவின் 1963ஆம் ஆண்டு நாவல் ஒப்புநோக்கத்தக்கது. ஊரே கதை சொல்லும் அந்நாவல், 1926இல் தொடங்கிய கிறிஸ்தேரோ கிளர்ச்சிக் காலத்தைப் பேசுகிறது. நிலவுடைமையாளன் எல்லைக்கற்களை நகர்த்துவதும், நிலம் கேட்ட உழவர் தூக்கிலிடப்படுவதும், ஆலயம் மூடப்படுவதும் ஒரே ஊரின் நினைவில் அருகருகே இடம்பெறுகின்றன. ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை. காதணிக் கதையில் ஆலயம் உண்டு, எல்லைக்கல் இல்லை.

முடிவுரை

வழக்காறு பொய்யுரைப்பதில்லை, தேர்ந்தெடுத்து உரைக்கிறது. எனவே கடற்கரை ஊர்களில் வாய்மொழி வரலாறு திரட்டும் ஆய்வாளர், ‘யார் அவமதித்தார்?’ என்பதோடு, ‘பாரின் வருவாயை யார் கொண்டுசென்றார்?’ என்றும் வினவுதல் வேண்டும். இரண்டாம் வினா எழாதவிடத்து, அக்கரையிலேயே கடலை நம்பி வாழ்ந்த காயல்பட்டினத்து முஸ்லிம்கள் நிலையான பகைவராகவே எஞ்சுவர். முத்தின் பயனைப் பெற்ற அரசுகளோ கதையிலிருந்து விடுபட்டுப்போகும். அயலாரோடு இன்று வாழும் வாழ்வைப் பாதிக்கும் பிழை என்பதால், இதனை வெறும் ஆய்வுமுறைப் பிழையாகக் கொள்ளுதல் போதாது.