அந்த 12.7 வினாடி

போன ஞாயிறு விடியற்காலை. சுங்கச்சாவடித் தடுப்பு மேலே ஏறியதும் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தேன். பக்கத்து சீட்டில் மச்சினன், கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச். என் பழைய ஹேட்ச்பேக் மூச்சிரைக்க 100-ஐத் தொட்டபோது, "பதினாலு செகண்டு மாமா" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் வண்டியை நினைத்து இல்லை. இதே நேரத்தில் மெக்லாரன் டபிள்யூ1 நின்ற இடத்திலிருந்து கிளம்பி 300-ஐயே தாண்டிப் போயிருக்கும்! கம்பெனி சொல்லும் கணக்கு 12.7 வினாடி.

2024 அக்டோபர் 6-ம் தேதி அந்தக் காரின் படம் வெளியான நாளிலிருந்து இதே பைத்தியம்தான் எனக்கு. மெக்லாரனின் எஃப்1, பி1 கார்களின் வரிசையில் மூன்றாவது வாரிசு. மொத்தமே 399 வண்டி, அத்தனைக்கும் ஆள் வந்தாயிற்று. விலை சுமார் 20 லட்சம் பவுண்ட். (மிச்சம் இருந்திருந்தால் மட்டும் வாங்கிக் கிழித்திருப்பேனாக்கும்!)

4 லிட்டர் ட்வின் டர்போ வி8 தருவது 928 பிஎஸ். கூடவே ஒரு மின்மோட்டார், 347 பிஎஸ். அந்த மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து எடை 20 கிலோதான். மாதாமாதம் தோளில் சுமந்து மாடியேறும் அரிசிச் சிப்பமே 25 கிலோ, ஐயா! பெட்ரோல், தண்ணீர் எதுவும் ஊற்றாமல் முழுக் காரும் 1,399 கிலோ. கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கியரே கிடையாது. மோட்டாரைத் திருப்பிச் சுற்றவிட்டால் வண்டி பின்னால் வரும், அப்புறம் எதற்கு அந்த எடை? சீட்டும் நகராது. உடம்போடு வார்த்தது மாதிரி உட்கார்ந்திருக்கும். பெடலையும் ஸ்டீயரிங்கையும்தான் நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம்விட என்னை மயக்கியது, மொத்தம் 1,275 பிஎஸ்ஸும் பின்சக்கரம் இரண்டுக்கே போவதுதான். முன்சக்கரத்துக்கும் மோட்டார் வைத்துத் தப்பித்துக்கொள்ளவில்லை. அதனால் 0-100 என்கிற 2.7 வினாடியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டத்தில் டயர்தான் எஜமான். ஆனால் 200-ஐத் தொட 5.8 வினாடி என்கிறார்கள். கழித்துப் பாருங்கள்: இரண்டாவது நூறுக்கு வெறும் 3.1! டயர் ஒருமுறை பிடித்துவிட்டால் வண்டிக்குக் களைப்பே கிடையாது போல.

உச்சவேகம் 350 கிலோமீட்டர். பாட்டன் எஃப்1 1998-லேயே 386 ஓடியவன். எனக்கு அதில் வருத்தமில்லை. பேரன் தன் பின்சிறகை 300 மில்லிமீட்டர் பின்னுக்கு நீட்டி, 1,000 கிலோ வரை காற்றழுத்தத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு வளைவுக்குள் நுழையப் போகிறான். கூத்து அங்கேதான்.

ரேஸ் மோடில் முன்பக்கம் 37 மில்லிமீட்டர் இறங்குமாம். எங்கள் தெருமுனை வேகத்தடையை நினைத்து இப்போதே கவலைப்படுகிறேன். மச்சினனோ, "அடுத்த வாரம் ஏசியை அணைச்சுட்டு மிதிங்க மாமா, பதிமூணு வரும்" என்கிறான்.